பின்சீட்டைப் பார்த்து வண்டி வாங்கியவர்

மாமாவின் மகன் வேலைக்காக வெளிநாடு கிளம்பியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டில் இருந்தது ஒரே ஒரு சின்ன வண்டி. பின்சீட்டில் ஒரு பக்கம் மகன், இன்னொரு பக்கம் நான், நடுவில் கூரையை முட்டும் பெட்டிகள். ஓட்டுவது மாமா. முன்சீட் அத்தைக்கு. அத்தைக்கு இடுப்பு மூட்டு மாற்றி ஐந்தாறு மாதம் ஆகியிருந்தது. கைத்தடியை ஜன்னல் வழியாக என்னிடம் நீட்டிவிட்டு, கதவின் மேல்விளிம்பைப் பிடித்துக்கொண்டு, உடம்பைத் திருப்பி மெல்ல உட்காரப் போனார். சீட் இன்னும் கீழே இருந்தது. இன்னும் கீழே. பாதியில் முகம் வெளுத்துப்போய் அப்படியே நின்றுவிட்டார். சீட்டைப் பின்னால் தள்ளிப் பார்த்தோம், பெட்டி இடித்தது. மகன் டாக்சி கூப்பிடப் போனை எடுத்தான்.

"வேண்டாம்பா, நேரமாச்சு. நீங்க போயிட்டு வாங்க. பரவாயில்லை" என்றார் அத்தை.

அவன் இறங்கி அம்மாவைக் கட்டிக்கொண்டான். மாமா ஹாரன் அடித்தார். தெருமுனை திரும்பும்போது பார்த்தால் கைத்தடி என் மடியில் கிடக்கிறது. மாமா வாய்க்குள் எதையோ முனகிக்கொண்டே வண்டியைப் பின்னுக்கு எடுத்தார். அத்தை கேட்டைப் பற்றிக்கொண்டு விட்ட இடத்திலேயே நின்றிருந்தார். தடியை வாங்கிக்கொண்டு, "போங்க" என்று மட்டும் சொன்னார். மகன் விமான நிலையம் வரை ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தான். அவனை அனுப்பிவிட்டுத் திரும்பிய மாமா வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றும்போது என்னிடம் சொன்னார்: "இன்னொரு வண்டி வாங்கணும்."

அன்றைக்கு ஆரம்பித்த தலைவலி எனக்கு.

நான் நாலு வருடம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தேன். மாமா என் அம்மாவின் தம்பி. என் வீட்டில் என் கல்யாணத்தைத் தவிர வேறு பேச்சே இல்லாததால் மாமா வீட்டு மாடியறைக்கு மூட்டையோடு வந்துவிட்டேன். மாமா எனக்கு வைத்த பெயர் ஊர்சுத்தி. சாப்பாடு உண்டு, வாடகை கிடையாது, உபதேசம் கிடையாது. இதற்கெல்லாம் சேர்த்து ஒரு நாள் விலை கேட்பார் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. சின்ன வண்டியைத் தவிர வேறு எதையும் ஓட்ட மாமாவுக்குப் பயம். எனவே பார்க்கப் போகும் வண்டிகளை ஓட்டிப் பார்க்கும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது.

மாமாவின் தொழில் பல் செட் செய்வது. வீட்டின் முன்னறைதான் பட்டறை. பல் மருத்துவர்கள் வாய்க்கு அளவெடுத்து அனுப்புவார்கள். மாமா அதைப் பிளாஸ்டரில் வார்த்து, இளஞ்சிவப்பு மெழுகில் ஈறு பிடித்து, பற்களை ஒவ்வொன்றாக நடுவார். மேசையெங்கும் ஆளில்லாத தாடைகள் சிரித்துக்கொண்டிருக்கும். செய்து கொடுப்பதோடு வேலை முடிவதில்லை. சண்டை போடும் வாய்கள் என்று சில உண்டு. எப்படிச் செய்தாலும் கடிக்கும், குத்தும். அப்போது டாக்டர்கள் மாமாவையே கூப்பிடுவார்கள். மாமா போய் நாற்காலி பக்கத்தில் நின்று, எல்லாரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: "எங்க உறுத்துது?"

அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களைப் பற்றி மாமாவிடம் ஒரு கொள்கை இருந்தது. வலிக்கிறது என்று கத்துகிறவரை நம்பலாம், இடம் தெரிந்துவிடும். மரியாதைக்காரர்கள்தான் ஆபத்து. செட்டை மாட்டிக் கண்ணாடியைக் காட்டினால் கண்ணில் தண்ணீர் நிற்க, "பரவாயில்லை" என்பார்கள். "பரவாயில்லைன்னு ஒருத்தர் சொன்னா எங்கயோ ரத்தம் வருதுன்னு அர்த்தம்" என்பார் மாமா. உடனே செட்டைக் கழற்றச் சொல்லி ராவ ஆரம்பித்துவிடுவார்.

அத்தை தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காதில் மாட்டிய கருவியோடு காலம் தள்ளிய அந்தப் பெண்கள் மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். அவர்களுக்குப் பெயர்கூடக் கிடையாது. டிரங்க் லைன்காரி, நைட் டியூட்டிக்காரி, சூப்பர்வைசரம்மா, இப்படித்தான். அறுவை சிகிச்சைக்குப் பின் அத்தை அந்தக் கூட்டத்துக்குப் போவதை நிறுத்தினார். பிறகு கடைத்தெருவுக்குப் போவதை நிறுத்தினார். மகன் போன ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் கேட் வரை போவதும் நின்றது. கேட்டால், "எனக்கென்ன வேலை அங்க" என்பார். பயிற்சி கொடுக்க வரும் பெண் மாமாவைத் தனியாக அழைத்துச் சொல்லிவிட்டுப் போனாள்: "வீட்டுக்குள்ளயே இருந்தாங்கன்னா கால் இறுகிடும் சார். அப்புறம் தடியும் போதாது. வெளிய கூட்டிட்டுப் போங்க."

"டாக்சி இருக்கே மாமா" என்றேன்.

"ஒரு தடவ கூப்பிட்டேன். டிரைவர் 'சீக்கிரம் ஏறுங்க பாட்டி'ன்னுட்டான். உங்க அத்தை இறங்கி உள்ள வந்துட்டா."

மாமா யோசித்த விதம் இது. உயரமான வண்டிகள் ஏறுவதற்கு ஏணி கேட்கும். சின்னவை பள்ளம். புதிய பெரிய வண்டி நமக்குக் கட்டாது. ஆனால் ஒரு காலத்தில் கம்பெனி டைரக்டர்களும் மேனேஜர்களும் பின்னால் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டு போன நீள வண்டிகள் இருக்கின்றனவே, அவை பழசானால் யாரும் சீந்துவதில்லை. பெட்ரோல் குடிக்கும், பார்க்கிங் கிடைக்காது. "ஆனா அந்த வண்டிய செஞ்சவன் யார நெனச்சு செஞ்சான்? ஓட்டறவன நெனச்சா? பின்னால உக்கார்றவர நெனச்சு. நமக்கு அதுதான் வேணும்" என்றார். சின்ன வண்டி சந்துபொந்துக்குள் இருக்கும் கிளினிக்குகளுக்குப் பல் கொண்டுபோக அப்படியே இருக்கும். இது இரண்டாவது.

பேச்சு நன்றாகத்தான் இருந்தது. அத்தையிடம் மட்டும் அவர் இதைச் சொல்லவில்லை.

"எனக்காக ஒண்ணும் வாங்க வேண்டாம்" என்றார் அத்தை, சமையலறையிலிருந்து.

"உனக்கு யாரு வாங்கறா? எனக்கு ஆசை. ஒரு மனுஷன் பெரிய வண்டிக்கு ஆசப்படக் கூடாதா?"

"ஓட்டத் தெரியாதவருக்கு என்ன ஆசையோ."

நாங்கள் பார்த்த முதல் வண்டி வெள்ளிநிறம். உள்ளே நனைந்த நாயின் வாடை. விற்க வந்த புரோக்கர் பானெட்டைத் திறந்து வைத்து, இஞ்சினைத் தட்டி, "சும்மா சிங்கம் சார்" என்றார். மாமா அந்தப் பக்கமே திரும்பவில்லை. நேராகப் பின்கதவைத் திறந்து உட்கார்ந்தார். எழுந்தார். உட்கார்ந்தார். எழுந்தார். பிறகு பையிலிருந்து ஒரு பிளாஸ்க்கை எடுத்து, கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி, பல் செட்டுக்கு வைத்திருக்கும் இளஞ்சிவப்பு மெழுகுத் தகட்டை அதில் நனைத்து இளக்கி, ஒரு பிளாஸ்டிக் தாளுக்குள் வைத்து, சீட்டின் விளிம்பில் பரப்பி, அதன் மேல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

புரோக்கர் என் காதருகே வந்தார். "மேடம், சார் என்ன பண்றார்?"

"அளவெடுக்கறார்."

"எதுக்கு?"

எனக்கும் அதேதான் சந்தேகம். மாமா எழுந்து மெழுகை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஓரிடத்தில் அது காகிதம் போல் மெலிந்திருந்தது. "இங்க உறுத்தும்" என்றார். அவ்வளவுதான், அந்த வண்டி போயிற்று. அதன் இஞ்சின் சிங்கமா எருமையா என்று இன்று வரை எங்களுக்குத் தெரியாது.

இப்படி வாரக்கணக்கில் அலைந்தோம். கருப்பு வண்டி ஒன்றில் முந்தைய சொந்தக்காரர் கூரைக்கு ஊதா விளக்கு போட்டிருந்தார், உள்ளே உட்கார்ந்தால் மாமாவின் முகம் பிணம் மாதிரி தெரிந்தது. இன்னொன்றில் பின்கதவு வெளியிலிருந்து மட்டும்தான் திறந்தது. மாமா உள்ளே மாட்டிக்கொண்டு கண்ணாடியைத் தட்டினார். நான் கொஞ்ச நேரம் பார்க்காதது போல் நின்றேன், அந்த ஓய்வு எனக்குத் தேவையாக இருந்தது. நகரத்துப் புரோக்கர்களிடையே அவருக்கு 'மெழுகு சார்' என்று பேர் வந்துவிட்டது. தொலைவில் எங்களைப் பார்த்தாலே போனைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். வேறொரு கண்டத்துக்கு டிக்கெட் எடுக்க எனக்கு ஒரு டீ குடிக்கும் நேரம் போதும். இந்த மனிதருக்கு ஒரு சீட் பிடிக்க வைக்க என் பொறுமை முழுவதும் கரைந்துகொண்டிருந்தது.

"மாமா, அத்தையவே கூட்டிட்டு வந்து உக்கார வெச்சுப் பாத்தா ஒரே நாள்ல முடிஞ்சிடுமே."

"எதுல கூட்டிட்டு வர்றது?"

"நம்ம வண்டி..." என்று தொடங்கி வாயை மூடிக்கொண்டேன். அந்த வண்டியில் ஏற முடியாததால்தானே இந்த வண்டி.

ஆகவே வண்டிதான் வீட்டுக்கு வரவேண்டும். யார் கொண்டுவருவார்கள்? எல்லாரும் சிரித்தார்கள். கடைசியில் ஒருவர் சம்மதித்தார். கப்பல் கம்பெனியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், நாங்கள் அவரைக் கப்பல்காரர் என்று வைத்துக்கொண்டோம். கரும்பச்சை நிற வண்டி, முதல் நாளிலிருந்து அவரிடமே இருந்தது. கண் மங்கிவிட்டதால் கொடுக்கிறார். எங்களிடம் விலை பேசுவதற்கு முன் அவர் எங்களைத்தான் பேட்டி எடுத்தார். வெயிலில் நிறுத்துவோமா, உள்ளே சாப்பிடுவோமா, கதவை அறைந்து சாத்துவோமா. மாமா பரீட்சை எழுதும் பிள்ளை போல் பதில் சொன்னார். மெழுகு வைக்க அனுமதி கேட்டபோது கப்பல்காரர் அசரவில்லை. "தாராளமா. கறை பிடிக்காம இருந்தா சரி" என்றார். மெழுகு எங்கேயும் மெலியவில்லை. மாமா அதை வெளிச்சத்தில் தூக்கி என்னிடமும் காட்டினார்.

ஒரு சனிக்கிழமை மதியம் கரும்பச்சை வண்டி எங்கள் கேட் முன்னால் வந்து நின்றது. அத்தை வரமாட்டேன் என்று ஒரு சுற்று மறுத்துவிட்டு, "சரி, வந்தவர் முகத்துக்காக" என்று படியிறங்கினார். பின்கதவு அகலமாகத் திறந்தது. அத்தை திரும்பினார், உட்கார்ந்தார். கீழே, இன்னும் கீழே என்று தேட வேண்டியிருக்கவில்லை, சீட் அங்கேயே இருந்தது. காலை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்தார். "கதவ சாத்துங்க" என்றார். சாத்தினோம். கண்ணாடிக்கு அப்பால் அவர் கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணாடியைத் தட்டினார். திறந்தோம். யார் கையையும் பிடிக்காமல் எழுந்து நின்றார்.

மாமா கிட்டே போய்க் கேட்டார்: "எங்கயாவது உறுத்துதா?"

"பரவாயில்லை" என்றார் அத்தை. சொல்லிவிட்டு, "உள்ள வாங்க சார், காபி போடறேன்" என்று கப்பல்காரரிடம் சொல்லி உள்ளே போனார்.

மாமாவின் முகத்தில் இருந்ததெல்லாம் வடிந்துவிட்டது. கப்பல்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிடுங்க சார். இவளுக்குச் சரிப்படல. உங்களுக்கு வீண் அலைச்சல்" என்றார். நான் "மாமா!" என்று சொல்லி முடிப்பதற்குள் கப்பல்காரர், "அதனால என்ன, உடம்புதான முக்கியம்" என்று தொப்பியைப் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டார். மங்கிய கண்ணுக்கு நல்ல வேகம்.

அத்தை தட்டில் நாலு டம்ளரோடு வந்தார்.

"சார் எங்க?"

"போயிட்டார்."

"காபி கூட குடிக்காமயா? எப்பக் கொண்டு வந்து விடறாராம் வண்டிய?"

"வண்டி வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"யாரக் கேட்டு?"

"உன்னக் கேட்டுத்தான். நீதான பரவாயில்லைன்ன?"

"ஆமா, சொன்னேன். நல்லா இருக்குன்னு சொன்னேன்."

"எங்க சொன்ன? பரவாயில்லைன்ன."

"பரவாயில்லைன்னா நல்லா இருக்குன்னு தான அர்த்தம்!"

"எந்த ஊர்ல?"

"எக்ஸ்சேஞ்ச்ல!" தட்டை மேசையில் வைத்தபோது ஒரு பிளாஸ்டர் தாடை குதித்து விழுந்தது. "லைன் எப்படி இருக்குன்னு கேப்பாங்க. இரைச்சல் இல்லன்னா 'பரவாயில்லை'ம்போம், உடனே கனெக்‌ஷன் குடுப்பாங்க. எத்தன வருஷம் சொன்னேன் அத. ஒருத்தியாவது லைனக் கட் பண்ணியிருக்காளா?"

"நாற்காலியில உக்காந்து பரவாயில்லைன்னு சொன்ன ஒருத்தருக்காவது வாயில புண்ணு இல்லாம இருந்திருக்கா?"

"நான் என்ன உங்க பேஷண்டா?"

"அன்னிக்கு பையன் கிளம்பும்போது கேட் கிட்ட நின்னு அதையேதான சொன்ன?"

"அது வேற பரவாயில்லை!"

"எனக்கு எப்படித் தெரியும் எது எந்தப் பரவாயில்லைன்னு?"

"முகத்தப் பாத்தா தெரியாது? ஊர்ல உள்ளவங்க வாயெல்லாம் பாக்கத் தெரியுது, பொண்டாட்டி முகத்தப் பாக்கத் தெரியல!"

இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். நான் மொழி தெரியாத நாடுகளில் விரலைக் காட்டி, தலையை ஆட்டி, வீடு கிடைத்துச் சோறு கிடைத்துத் திரும்பி வந்தவள். ஒரே மொழி பேசி ஒரே வீட்டில் குடும்பம் நடத்திய இரண்டு பேருக்கு நடுவில் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. "போன் பண்ணிப் பார்க்கலாம்" என்றேன். கப்பல்காரர் எடுக்கவில்லை. ஓட்டும்போது போனைத் தொடமாட்டேன் என்று பேட்டியிலேயே பெருமையாகச் சொல்லியிருந்தார்.

அத்தை கொக்கியிலிருந்து சின்ன வண்டியின் சாவியை எடுத்து என் கையில் வைத்தார். "ரெண்டு தலகாணி எடுத்துட்டு வா."

"எங்க போற? வேண்டாம், தாழ உக்காரக் கூடாதுன்னு டாக்டர்..." என்றார் மாமா.

"நீங்க பேசாதீங்க. நீங்க பேசின வரைக்கும் போதும்."

பெட்டி எதுவும் இல்லாததால் முன்சீட் பின்னால் போனது. இரண்டு தலையணையை அடுக்கினோம். அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு சத்தமும் போடாமல், கோபத்தின் பலத்திலேயே உள்ளே இறங்கி உட்கார்ந்துவிட்டார். நெற்றியெல்லாம் வேர்வை. மாமா பின்னால் மடங்கி உட்கார்ந்து, ஒவ்வொரு பள்ளத்திலும் "மெதுவா, மெதுவா" என்றார். ஒவ்வொரு "மெதுவா"வுக்கும் அத்தை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "ம்" என்றார். அந்த "ம்"முக்கு என்ன அர்த்தம் என்று கேட்க மாமாவுக்குத் தைரியம் வரவில்லை.

கப்பல்காரர் வீட்டில் வண்டி நிறுத்தும் இடம் காலியாக இருந்தது. அத்தையால் இறங்க முடியவில்லை, தலையணை அமுங்கிப்போயிருந்தது. அவரே வெளியே வந்து ஜன்னலருகில் குனிந்தார்.

"அடடா. உங்களுக்காகத்தான் இன்னொருத்தர காக்க வெச்சிருந்தேன்மா. நீங்க வேண்டாம்னதும் வழியில அவங்க வீட்டுலயே விட்டு சாவியக் குடுத்துட்டு டாக்சியில வந்துட்டேன்."

மாமா பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டார். அத்தை மட்டும் கையை ஜன்னல் வழியாக நீட்டி, கப்பல்காரரின் கையைத் தொட்டார். "நல்ல வண்டி சார். நல்லா வெச்சிருந்தீங்க. அதச் சொல்லத்தான் வந்தேன்" என்றார்.

திரும்பும் வழியில், பழைய வண்டிகளை வரிசையாக நிறுத்தி விற்கும் மைதானத்தைக் கடக்கும்போது அத்தை, "நிறுத்து" என்றார்.

"இங்க நான் எல்லாத்தையும் பாத்துட்டேன்" என்றார் மாமா.

"நான் பாக்கல."

வெள்ளி வண்டியைக் காட்டிய அதே புரோக்கர் வெளியே வந்தார். மாமாவைக் கண்டதும் திரும்பிப் போகப் பார்த்தார், நான் "அண்ணே, ஒரு கை குடுங்க" என்று கத்திவிட்டேன். நானும் அவருமாகச் சேர்ந்து அத்தையைத் தூக்கி எடுத்தோம். அத்தை தடியை ஊன்றிக்கொண்டு வரிசை நெடுக நடந்தார். வீட்டுக்குள் ஹாலைக் கடக்கவே யோசித்தவர், தூசி மண்டிய மைதானத்தில் ஒவ்வொரு வண்டியாகக் கதவைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்துக்கொண்டே போனார். மாமா பிளாஸ்க் பையோடு பின்னால் ஓடினார்.

பழுப்புமில்லாத மஞ்சளுமில்லாத ஒரு நிறத்தில் நீளமாக ஒரு வண்டி நின்றது. ஏதோ ஒரு தொழிற்சாலை முதலாளியைச் சுமந்ததாம். அத்தை உட்கார்ந்தார்.

"இது வேண்டாம். மெழுகு வெச்சுப் பாத்தாச்சு. தொடைக்கு அடியில உறுத்தும்" என்றார் மாமா.

"உறுத்தல."

"இப்பத் தெரியாது. கொஞ்ச நேரம் உக்காந்தா தெரியும். மெழுகுல நல்லா மெலிஞ்சிருந்தது."

"யார் உக்காந்த மெழுகு?" என்றார் அத்தை.

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. மாமா கழி மாதிரி நெட்டை, எலும்பு. அத்தை குட்டை, தடிமன். அத்தனை வாரமும் அத்தனை வண்டியிலும் அவர் தன் தொடையை வைத்து அத்தையின் சீட்டை அளந்துகொண்டிருந்தார். நானும் பக்கத்திலேயே நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

"மாமா, ஒருத்தர் பல் செட்ட இன்னொருத்தர் வாயில மாட்டிப் பாப்பீங்களா நீங்க?"

புரோக்கர் வாய்விட்டுச் சிரித்தார். மாமா பிளாஸ்க்கின் மூடியைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார்.

அத்தை உள்ளிருந்தபடியே, குழந்தைக்குப் பாடம் சொல்வது போல் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்: "இந்தா பாருங்க. எங்கயும் உறுத்தல. ஏற முடியுது. இறங்க முடியும். கதவு கனம். நிறம் கேவலம். எனக்கு இந்த வண்டி வேணும். புரிஞ்சுதா? வேற அர்த்தம் எதுவும் இல்ல."

"புரிஞ்சுது" என்றார் மாமா.

இத்தோடு முடிந்திருந்தால் நான் ஏன் இவ்வளவு எரிச்சலோடு எழுதப்போகிறேன். இஞ்சினைப் பார்க்காமல் வாங்கியதன் பலன் மறுவாரமே வந்தது. மழை பெய்தால் ஸ்டார்ட் ஆகாது. ஜன்னல் ஒன்று இறங்கினால் ஏறாது. முதலாளி பேப்பர் படித்த விளக்கு மட்டும் அணையவே அணையாது, அதனால் பேட்டரி செத்துப்போகும். மெக்கானிக் ஒரு சாமானை மாற்றினால் அடுத்தது பொறாமையில் போனது. நீள வண்டியை ஓட்ட மாமா என்னிடம் பழகினார். திருப்பத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு, திரும்பி முடித்தபின் மொத்தமாக விடுவார். பக்கத்து வீட்டுச் சுவரில் அந்தக் கேவலமான நிறம் ஒரு கோடாக ஒட்டியிருக்கிறது. அத்தை இரண்டு முறை புடவை மாற்றிக்கொண்டு தயாராகி, இரண்டு முறையும் வண்டி கிளம்பாமல் உள்ளே போனார். எனக்கு வேலைக்கான கடிதம் வந்து, நான் மறுபடி மூட்டை கட்டிய நாளில் வண்டி மெக்கானிக் பட்டறையில் கிடந்தது. அத்தை கேட் வரை வந்து வழியனுப்பினார். அதற்கு மேல் அவர் எங்கும் போகவில்லை. விமானத்தில் உட்கார்ந்து யோசித்தபோது, இவ்வளவு கூத்தும் ஒரு கேட்டைத் தாண்ட உதவவில்லையே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

மாமாவிடம் போனில் பேசும்போதெல்லாம், "வண்டி எப்படி இருக்கு?" என்பேன். "இருக்கு" என்பார். அதற்கு மேல் கேட்க எனக்கும் தெம்பு இல்லை.

பருவம் ஒன்று மாறி இன்னொன்றும் மாறியது. ஒரு மலைப்பாதையில் பஸ்ஸுக்காகக் குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றபோது அத்தையிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. பின்னணியில் லாரிகளின் சத்தம், யாரோ பல பெண்கள் ஒரே நேரத்தில் பேசும் சத்தம்.

"ஏய் ஊர்சுத்தி, அத்தை பேசறேன். கேக்குதா? நாங்க சூப்பர்வைசரம்மா வீட்டுக்குப் போயிட்டுத் திரும்பி வந்துட்டிருக்கோம். டிரங்க் லைன்காரி, நைட் டியூட்டிக்காரி எல்லாரும் இருக்காங்க. நடு ரோட்டுல வண்டி நின்னு போச்சு. உங்க மாமா பானெட்டத் திறந்து வெச்சுக்கிட்டு உள்ளயே பாத்துட்டு நிக்கிறார். அவருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எங்க எல்லாருக்கும் தெரியும், பாவம், நிக்கட்டும். மெக்கானிக் வர நேரமாகுமாம். எங்களுக்கு ஒண்ணும் அவசரம் இல்ல, கதவத் திறந்து வெச்சிருக்கோம், நல்லா காத்து வருது. இப்ப வந்து, எல்லாரும் இறங்கினா வண்டிய ஓரமாத் தள்ளிடலாம்னு கெஞ்சறார். நாங்க யாரும் இறங்க மாட்டோம்னு சொல்லிட்டோம்."